உங்கள் ஒழுங்கையை உடைத்துக் கட்டப் போகிறார்களா? கொழும்புவாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கேற்றிலிருந்து ஒழுங்கைக்கு இறங்க ஒரு காலத்தில் மூன்று படிகள் இருந்தன. மூத்த அக்கா கடைசிப் படியில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். தார் போட வந்த ஒவ்வொரு தடவையும் ஒரு படி காணாமல் போனது. கடைசியாகக் காபட் என்ற தடித்த தார்ப்படையைப் போட்டபோது கணக்கே மாறிவிட்டது. இப்போது நாங்கள் ஒழுங்கையிலிருந்து வீட்டுக்குள் அரையடி இறங்குகிறோம். மழைக்காலத்தில் தண்ணீரும் எங்களோடு சேர்ந்து இறங்குகிறது.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. "உங்கட ரோட்டைப் புதுசாச் செய்யப் போறம்" என்று யாராவது வந்து சொன்னால் பாதிப் பேர் கைதட்டுவார்கள், மீதிப் பேர் நெஞ்சில் கை வைப்பார்கள். நான் இப்படியான மூன்று கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டில் தோற்றோம், ஒன்றில் பாதி வென்றோம். தோற்ற இரண்டிலும் எங்கள் பக்கத்தில் கோபம் மட்டும்தான் இருந்தது. பாதி வென்ற கூட்டத்துக்கு அங்குலக் கணக்கை எழுதிய கடதாசி ஒன்றோடு போனோம். அந்தக் கடதாசியை எப்படித் தயாரிப்பது, யாரிடம் கொடுப்பது, கொடுத்த பிறகு என்ன செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. ரோட்டு யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மணித்தியாலம் தொண்டை கிழியப் பேசிய பிறகு, எதிரில் இருப்பவர் "இது எங்கட வேலை இல்லையே ஐயா" என்று சொன்னால் அந்தப் பின்னேரம் வீண். ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம். காலி வீதி ஏ2. சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. நகர எல்லைக்குள் மிச்சமுள்ள தெருக்களும் ஒழுங்கைகளும் கொழும்பு மாநகர சபையுடையவை. மாநகர சபை தன் எல்லையைச் சில மாவட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு மாவட்டப் பொறியியலாளரிடம் விட்டிருக்கிறது. நாம் வழமையாகச் சொல்லும் கொழும்பு மாவட்டம் வேறு, இது வேறு. உங்கள் ஒழுங்கை எந்தப் பொறியியலாளரிடம் வருகிறது என்பதை நகர மண்டபத்துக்கு ஒரு தடவை போய்க் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சில ஒழுங்கைகள் இன்னமும் தனியார் பாதைதான். காணியைத் துண்டு போட்டு விற்றவர் விட்ட வழி, சபை ஒருபோதும் பொறுப்பெடுக்காத வழி. உங்கள் காணி உறுதியோடு இருக்கும் பிளானை எடுத்துப் பாருங்கள். பாதைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியம்.

ரோட்டுக்கு மேலே ஒரு ஆட்சி, அடியில் பல ஆட்சிகள். குடிதண்ணீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையுடையது. நகரத்துக்குள் கழிவுநீர்க் குழாய் மாநகர சபையுடையது. மழைத் தண்ணீர் ஓடும் கானும் சபையின் பொறுப்புத்தான், ஆனால் அந்தக் கான் போய் விழும் கால்வாய் பெரும்பாலும் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருக்கும். மின்கம்பம் ஒருவருக்கு, தொலைபேசிக் கேபிள் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு. இவர்கள் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து நீங்கள் கண்டிருக்கிறீர்களா? நானும் காணவில்லை. அதனால்தான் ஐந்தாம் பகுதியை இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறேன்.

2. கடதாசியைக் கையில் எடுங்கள்

இதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பிக்கக் காசு இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. "ஏன் ஐயா உங்களுக்கு இது?" என்று மேசையில் இருப்பவர் கேட்டால் சிரித்துவிட்டு ரசீதைக் கேளுங்கள். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

பலரும் பிழைவிடுவது கேட்கும் விதத்தில். "எங்கள் வீதித் திட்டம் பற்றிய சகல தகவல்களும்" என்று கேட்டால் ஒரு பக்கக் கடிதம் வரும், அதில் ஒன்றும் இருக்காது. பெயர் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மேற்படி ஒழுங்கையின் புனரமைப்பு வேலை தொடர்பாகப் பின்வருவனவற்றின் பிரதிகள் தேவை: நீளவெட்டு, குறுக்குவெட்டு உட்பட அங்கீகரிக்கப்பட்ட வரைபடங்கள்; கணியச் சிட்டை; ஒப்பந்தக்காரரின் பெயர், ஒப்பந்தத் தொகை, வேலை தொடங்கும் முடியும் திகதிகள்; பழைய தார்ப்படையை அகற்றுவது பற்றிய விவரக்குறிப்பு; குறைபாடு திருத்தும் காலம்; நீர், மின், தொலைத்தொடர்பு நிறுவனங்களுடன் நடந்த கூட்டங்களின் குறிப்புகள்."

கணியச் சிட்டை என்றால் எந்த வேலை, எத்தனை கன மீற்றர், என்ன விலை என்று வரிவரியாகப் போட்ட பட்டியல். பொறியியலாளர்கள் 'பீ.ஓ.கியூ.' என்பார்கள். இந்தப் பட்டியலைப் போல உண்மை பேசும் கடதாசி வேறில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்கப் போகிறோம் என்று கூட்டத்தில் சொல்வார்கள். சுரண்டுவதற்கு என்று ஒரு வரி பட்டியலில் இல்லையென்றால் அதற்குக் காசு ஒதுக்கவில்லை, ஆகவே அது நடக்கப் போவதுமில்லை.

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். திகதிகளைக் கலண்டரில் குறித்து வையுங்கள், சட்டத்தில் தோற்பவர்கள் பெரும்பாலும் திகதியில் தோற்றவர்கள்தான்.

அமைச்சின் கீழ் வரும் பெரிய திட்டமாக இருந்தால் இதே சட்டத்தின் 9ஆம் பிரிவையும் காட்டுங்கள். உள்நாட்டுக் காசில் 5 இலட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டுக் காசில் 1 இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டமென்றால், வேலை தொடங்க மூன்று மாதத்துக்கு முன்பே அதன் விவரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க அமைச்சர் கடமைப்பட்டவர்.

எல்லாவற்றையும் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி மேல் மாகாணத்திலும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. உரிமையை விட்டுக்கொடுக்காமல், காரியமும் நடக்க வேண்டுமென்றால் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்ப்புக்கு என்று கோப்பு மூன்று வாரம் ஒரு மேசையில் தூங்குவதைவிட அது நல்லது.

3. அளந்து வையுங்கள்

இதுதான் என் வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றதெல்லாவற்றையும் மறந்தாலும் இதைச் செய்யுங்கள்.

மேசன்மார் பாவிக்கும் 'டியூப் லெவல்' தெரியுமல்லவா? கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், ஐம்பது அடி நீளம் வாங்கினால் போதும். அதில் தண்ணீர் நிரப்புங்கள். துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கரைத்தால் மட்டம் தெளிவாகத் தெரியும். உள்ளே காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. குழாயின் ஒரு முனையை ஒழுங்கையின் நடுவில் ஒருவர் பிடிக்க, மறுமுனையை உங்கள் கேற்றுத் தூணோடு ஒருவர் பிடிக்க வேண்டும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து கீழே அளந்தால் ரோட்டுக்கும் உங்கள் வாசலுக்கும் உள்ள வித்தியாசம் அங்குலத்தில் வந்துவிடும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ஞாயிறு காலை 22 கேற்றுக்கும் இப்படி அளந்தோம். ஒரு பக்கம் பக்கத்து வீட்டுத் தம்பி, மறுபக்கம் நான். அளவைச் சொல்லச் சொல்ல அவனுடைய அம்மா கொப்பியில் எழுதினார். ஒவ்வொரு தூணிலும் வெள்ளைப் பெயின்ற்றால் ஒரு கோடு போட்டோம். அந்தக் கோட்டிலிருந்து அன்றைய ரோட்டு மட்டம் எவ்வளவு கீழே என்று பெயின்ற்றாலேயே எழுதினோம். அன்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இருந்தார்கள். பிறகு பேச்சு வளர்ந்தபோது அந்தக் கோட்டோடு யாராலும் தர்க்கம் பண்ண முடியவில்லை.

அளக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். தண்ணீர் இரு பக்கமும் வழிய வேண்டும் என்பதற்காக ரோட்டின் நடு சற்று உயர்ந்திருக்கும். அந்தச் சரிவு வழமையாக நூற்றுக்கு இரண்டரை. 5 மீற்றர் அகல ஒழுங்கையென்றால் நடு, ஓரத்தைவிட ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் உயரம். ஒரு காபட் படை சுமார் 4, 5 சென்ரிமீற்றர் தடிப்பு. பழையதைச் சுரண்டாமல் மேலே போட்டால் அந்தத் தடிப்பு அப்படியே உங்கள் வாசலுக்கு எதிராக ஏறும். இரண்டங்குலம்தானே என்று நினைக்காதீர்கள், இரண்டு தடவை போட்டால் ஒரு படி போய்விடும்.

மட்டத்தோடு சேர்த்துப் படமும் எடுங்கள்: மதிலில் ஏற்கெனவே இருக்கும் வெடிப்புகள், கானின் மூடிக்கற்கள், தண்ணீர் மீற்றர், மரங்களின் அடி. வெடிப்புக்குப் பக்கத்தில் அளவு நாடாவையும் அன்றைய பத்திரிகையையும் பிடித்து எடுங்கள். அதிரும் உருளை வந்து போன பிறகு "இது முந்தியே இருந்த வெடிப்பு" என்பார்கள். சில வேளை அது உண்மையாகவும் இருக்கும். படம் இருந்தால் இரு பக்கமும் பொய் சொல்ல முடியாது.

போன மழைக்கு வெள்ளம் எதுவரை வந்தது என்பதையும் வரைந்துகொள்ளுங்கள். 2010 நவம்பரில் கொழும்பு மூழ்கிப் பாராளுமன்றத்துக்குள்ளேயே தண்ணீர் போன நாள் பலருக்கு நினைவிருக்கும். பழைய வீடுகளில் அந்தக் கறை இன்னமும் சுவரில் இருக்கலாம்.

4. முதலில் உங்களுக்குள் பேசி முடியுங்கள்

அதிகாரிகளோடு சண்டை என்று நினைத்துப் போவோம். கூட்டத்தில் பார்த்தால் நாங்களே நாலு கட்சி. பழைய வீட்டுக்காரருக்கு ரோட்டு உயரக் கூடாது. அடுக்குமாடிக்காரருக்கு அதில் அக்கறையில்லை, கார் இறங்கும் சரிவு இடிபடாமல் இருந்தால் போதும். முனையில் இருக்கும் கடைக்காரருக்கு லொறி நிற்க இடம் வேண்டும். நடைபாதை வேண்டும் என்று கேட்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய்மாரும் வயதானவர்களும். வாடகைக்கு இருப்பவர்களை யாரும் கேட்பதே இல்லை, தூசியில் ஆறு மாதம் இருமப் போவது அவர்களும்தான்.

எங்கள் முதல் கூட்டத்தில் நடைபாதை பற்றிய பேச்சு வந்ததும் இரண்டு வீட்டுக்காரர் எழும்பி ஒருவரையொருவர் ஏச ஆரம்பித்தார்கள். வந்திருந்த உத்தியோகத்தர் கோப்பை மூடி வைத்துவிட்டு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திட்டுச் சொல்லுங்கோ" என்று போய்விட்டார். பிறகு அவர்கள் வசதிக்கு ஒரு முடிவு வந்தது.

ஆகவே முன்கூட்டியே ஒரு சின்னக் கூட்டம் வையுங்கள். கோயில் மண்டபமோ, ஒரு வீட்டு முன்விறாந்தையோ போதும். எல்லாரும் ஒத்துப்போகும் மூன்று நான்கு விஷயங்களை மட்டும் பொதுக் கோரிக்கையாக எடுங்கள். மட்டம், கான், குழாய் வேலையின் ஒழுங்கு, வேலை நேரம். இவற்றில் சண்டை வராது. பார்க்கிங் பற்றி ஒத்துப்போக முடியாவிட்டால் "இதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இருக்கிறது" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். மறைத்து வைத்தால் மறுபக்கம் அதைத்தான் முதலில் தோண்டும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. உங்கள் கூரைத் தண்ணீர் எங்கே போகிறது? பழைய வீடுகளிலும் புதிய மாடிகளிலும் மழைத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டிருப்பவர்களும், குசினித் தண்ணீரைக் கானில் விட்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். கேற்றுக்கு முன்னால் கானை மூடிச் சீமெந்துச் சரிவு கட்டியவர்களும் நாங்கள்தான். "கான் ஓடாததுக்கு நீங்கள்தான் காரணம்" என்று பொறியியலாளர் சொல்லும்போது அவர் பாதி சரி. அந்தப் பாதியை முன்பே ஏற்றுக்கொண்டு போனால் மிச்சப் பாதியைப் பேச முகம் இருக்கும்.

5. கூட்டத்தில் எதைக் கேட்பது

அவர்களுடைய நிலையையும் கொஞ்சம் பாருங்கள். வரவுசெலவுத் திட்டம் ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. காசு ஒதுக்கி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி முடிய மே மாதம் வந்துவிடும். மே கொழும்பில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் மாதம். ஒக்டோபர், நவம்பரிலும் அதே கதைதான். ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மி.மீ. மழை பெய்யும் ஊர் இது. நல்ல வெயில் காயும் ஜனவரி, பெப்ரவரியில் காசு வந்திருக்காது. காசு வந்தபோது வானம் ஒத்துழைக்காது. டிசம்பருக்குள் செலவழிக்காவிட்டால் ஒதுக்கியது கைநழுவலாம். உங்கள் முன் இருப்பவர் அவசரப்படுவதற்கு இதுதான் காரணம். ஆடிவேல் காலத்தில் காலி வீதியோடு ரதம் போகும் நாட்களில் உங்கள் முனையை மூட முடியாது என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். திட்டம் போடுபவரின் கலண்டரில் அது இருக்கும் என்று நிச்சயமில்லை.

முதல் கேள்வி ஒழுங்கு பற்றியதாக இருக்கட்டும். முதலில் ஆழத்தில் இருக்கும் கழிவுநீர்க் குழாய், பிறகு குடிதண்ணீர், பிறகு கேபிள் போகும் வெற்றுக் குழாய்கள், பிறகு கான், அதற்குப் பிறகுதான் அடித்தளமும் காபட்டும். இந்த வரிசை பிசகினால் காபட் போட்ட சூடு ஆறும் முன் வேறொருவர் பெக்கோவோடு வருவார். "அடுத்த இரண்டு வருஷத்துக்கு இங்க வெட்டுற வேலை ஏதும் இல்லையெண்டு மற்ற நிறுவனங்களிட்ட எழுத்தில வாங்கியிருக்கிறீங்களா சேர்?" என்று அமைதியாகக் கேளுங்கள். குரல் உயர்த்தத் தேவையில்லை, அந்த ஒரு கேள்விக்கே மண்டபம் அமைதியாகிவிடும்.

வீடுகளுக்குப் போகும் பழைய இரும்புக் குழாய்கள் துருப்பிடித்திருக்கும். ரோட்டு திறந்திருக்கும்போதே அவற்றை மாற்றிவிடுங்கள், பிறகு வெட்ட அனுமதிக்கும் திருத்தக் கட்டணத்துக்கும் அலைய வேண்டி வரும்.

இரண்டாவது, முடிவு மட்டம். "முடிஞ்ச பிறகு ரோட்டு எங்க நிக்கும்?" இங்கேதான் உங்கள் 22 கேற்று அட்டவணையைக் கொடுப்பது. பாதி வென்ற கூட்டத்தில் நடந்த உரையாடல் இது. வந்தவர் இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர், மலையகத்துப் பிள்ளை. எங்கள் பக்கம் பேசியது ஓய்வுபெற்ற ஒரு கணக்கு ஆசிரியை.

"தம்பி, இந்தப் பிளானில நடு மட்டம் போட்டிருக்கு. 7ஆம் இலக்க வீட்டு வாசல் அதைவிட நாலங்குலம் கீழ. அந்தத் தண்ணி எங்க போகும்?"

"கானுக்குப் போகும் மிஸ்."

"கான் மேல்விளிம்பும் வாசலைவிட உயரமாத்தானே இருக்கு. பாருங்கோ."

அவர் பார்த்தார். பேனாவை எடுத்தார். "இத நான் எஞ்சினியர்கிட்ட காட்டணும். இந்தத் தாள நான் எடுத்துக்கவா மிஸ்?"

எடுத்துக்கொண்டு போனார். பத்து நாளில் சுரண்டி எடுக்கும் வேலை பட்டியலில் ஏறியது. ஒழுங்கையின் பாதி நீளத்துக்கு மட்டும்தான். மிச்சப் பாதிக்குக் காசு காணாது என்றார்கள், அதனால்தான் பாதி வெற்றி என்கிறேன்.

மூன்றாவது, தண்ணீர் கடைசியில் போய் விழும் இடம். வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடற்பக்கம் உள்ள ஒழுங்கைகள் மரைன் டிரைவை நோக்கிச் சரிகின்றன. அங்கிருந்து ரயில் பாதைக்கு அடியால் கடலுக்குப் போக வேண்டும். கான் கடலில் திறக்கும் வாய் மணலால் அடைத்திருந்தால் மேலே எவ்வளவு அழகான கான் கட்டினாலும் அது நீளமான தொட்டிதான். மறுபக்க ஒழுங்கைகளுக்குக் கால்வாய். அதன் மட்டம் உயர்ந்தால் தண்ணீர் திரும்பி வரும். "கடைசி வாயைத் துப்பரவு செய்வதும் இந்த ஒப்பந்தத்திலா?" என்று கேளுங்கள்.

நான்காவது, நடக்கிறவர்கள். பொது இடங்களில் வலுவிழந்தோர் நடமாடும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இலிருந்து சட்டமாக இருக்கின்றன. சக்கர நாற்காலி ஏறும் சரிவு ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது வழமையான அளவு. நடைபாதையின் நடுவில் மின்கம்பம் நட்டுவிட்டுப் போகும் கலை நம் ஊருக்கே உரியது, கம்பங்கள் எங்கே வருகின்றன என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

6. சொன்னதை எழுத்தாக்குங்கள்

நாங்கள் தோற்ற இரண்டாவது கூட்டத்தில் வந்திருந்தவர் நல்ல மனிதர். பழைய தாரைச் சுரண்டித்தான் போடுவோம் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லாரும் சந்தோஷமாகப் போனோம். இரண்டு மாதத்தில் அவருக்கு இடமாற்றம். அடுத்து வந்தவர் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபைலில அப்பிடி ஒண்டும் இல்லையே ஐயா" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. கோப்பில் ஒன்றும் இல்லைத்தான். எங்கள் கடைசிப் படி போனது அப்போதுதான்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். கூட்டம் முடிந்த அன்று இரவே ஒரு பக்கக் குறிப்பு எழுதுகிறோம். யார் வந்தார்கள், என்ன கேட்டோம், என்ன பதில், எந்தத் திகதிக்குள். கடைசி வரி: "மேற்கூறியவற்றில் பிழை இருப்பின் ஏழு நாட்களுக்குள் அறியத்தரவும்." மின்னஞ்சலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று, மாநகர ஆணையாளருக்குப் பிரதி, வட்டார உறுப்பினருக்குப் பிரதி. பதிவுத் தபால் துண்டைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

உறுப்பினரை மறக்காதீர்கள். 2023 மார்ச்சிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் இந்த நகரத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட சபையே இருக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகு 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு வந்தபோது உங்கள் ஒழுங்கையின் குழிகளைத் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எந்தக் கட்சியென்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே கடிதத்தைக் கொடுங்கள். ஒரு கட்சிக்கு மட்டும் கொடுத்தால் ரோட்டு அரசியலாகிவிடும், பிறகு அதற்குள் நீங்கள் சிக்குவீர்கள்.

7. மதில் உள்ளே போக வேண்டுமென்றால்

அகலிப்பு என்ற சொல் வந்தவுடன் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், இதில் என் அறிவுரை போதாது. அடிப்படை மட்டும் சொல்கிறேன். உங்கள் காணிக்கு எடுத்த ஸ்ட்ரீட் லைன் சான்றிதழை, அதாவது ரோட்டை எதுவரை அகலிக்கலாம் என்ற கோட்டைக் காட்டும் கடதாசியை, தேடுங்கள். கோடு ஏற்கெனவே உங்கள் மதிலுக்குள்ளே ஓடிக்கொண்டிருக்கலாம். அது தெரியாமல் மதிலை அழகாகக் கட்டியவர்கள் நிறையப் பேர். அரசு காணியை எடுப்பதென்றால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டப்படி வர வேண்டும். 2ஆம் பிரிவு அறிவித்தல் அளக்க வருவதற்கு. ஆட்சேபனை கேட்பது 4ஆம் பிரிவில். நட்டஈட்டுக் கோரிக்கைக்கு 7ஆம் பிரிவு. 4ஆம் பிரிவு அறிவித்தல் மதிலில் ஒட்டப்பட்டால் அதை வாசிக்காமல் மழையில் நனைய விடாதீர்கள், ஆட்சேபிக்கத் தரும் கால அவகாசம் குறுகியது. "கொஞ்சம் விட்டுக்கொடுங்கோ, ஒரு கையெழுத்துத்தான்" என்று யாராவது வாய்ச்சொல்லாகக் கேட்டால் கையெழுத்தைப் பொக்கற்றிலேயே வைத்திருங்கள்.

8. வெட்டத் தொடங்கிய பிறகு

தொடங்குமுன் தளப் பொறுப்பாளரின் கைத்தொலைபேசி இலக்கத்தை வாங்குங்கள். ஒழுங்கையில் நடக்க முடியாதவர், டயலிசிஸ் போகிறவர், கர்ப்பிணிகள் எந்த வீட்டில் என்று ஒரு பட்டியல் அவரிடம் இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்பியூலன்ஸ் எந்த முனையால் வரலாம் என்பதை ஒவ்வொரு இரவும் தெரிந்து வைத்திருங்கள். திறந்த குழிக்கு இரவில் விளக்கும் வேலியும் வேண்டும், வெறும் மஞ்சள் நாடா போதாது. தண்ணீர் வெட்டினால் பவுசர் எந்த நேரம் வரும் என்று கேளுங்கள், தூசிக்குத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். குப்பை லொறி உள்ளே வராத நாட்களில் பைகளை எங்கே வைப்பது என்பதை முதலே முடிவு செய்யாவிட்டால் காக்கையும் நாயும் முடிவு செய்யும்.

வேலையாட்களோடு சண்டை பிடிக்காதீர்கள். அவர்கள் பிளானை வரைந்தவர்கள் இல்லை. பத்து மணிக்கு ஒரு வாளி பிளேன்ரீ கொடுங்கள், கேற்றடியில் மண்ணைக் கொட்டாமல் விடுவார்கள். குழாயை மூடுமுன் தினமும் ஒரு படம் எடுங்கள். மண் போட்ட பிறகு கீழே என்ன இருக்கிறது என்று சொல்லும் ஒரே சாட்சி அதுதான்.

9. முடிந்ததென்று சொன்ன பிறகு

ரிப்பன் வெட்டிய அன்று வேலை முடிவதில்லை. ஒப்பந்தங்களில் பொதுவாக ஒரு வருடக் குறைபாடு திருத்தும் காலம் உண்டு. அதுவரை ஒப்பந்தக்காரரின் பணத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் காசு விடுபடுமுன் உங்கள் குறைப்பட்டியல் கோப்பில் ஏற வேண்டும். ஆடும் மூடிக்கல், தாழ்ந்த மேன்ஹோல், தண்ணீர் தேங்கும் பள்ளம், அறுந்த தொலைபேசி வயர் என்று வீட்டு இலக்கத்தோடு எழுதுங்கள். முடிந்தால் தொழில்நுட்ப உத்தியோகத்தரையும் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

எதற்கும் அசையாவிட்டால், அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மனுக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். கடைசியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை ('ரிட்') கேட்கலாம். அதற்குப் பணமும் பொறுமையும் வேண்டும், நீங்கள் சேர்த்த கடதாசிக் கட்டும் வேண்டும்.

எங்கள் ஒழுங்கைக்குக் கடைசிச் சோதனை ஒக்டோபரில் வந்தது. இரவு எட்டு மணிக்கு இடி இடித்து ஊற்றத் தொடங்கியது. குடையும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு நாலு பேர் வெளியே இறங்கினோம். சுரண்டிப் போட்ட பாதியில் தண்ணீர் கானை நோக்கி ஓடியது. மற்றப் பாதியில் 15ஆம் இலக்கக் கேற்றடியில் தேங்கி நின்றது. தேங்கிய விளிம்பைச் சுற்றி ஒரு கல்லால் கீறி, அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து அந்தத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினொரு மணிக்குப் பதில் வந்தது: "காலைல வர்றேன் ஐயா." வந்தார். கையில் ஒரு டியூப் லெவல் இருந்தது.